பன்னிரண்டு வோல்ட்டும் மூன்று ஆலோசகர்களும்

மோட்டார் வண்டியின் அங்கங்களுள் பேட்டரியைப் போன்ற சாதுவான வஸ்து வேறொன்று இல்லை என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். எஞ்சின் இரைகிறது, பிரேக் கிறீச்சிடுகிறது, ஹாரனைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. பேட்டரி மட்டும் பானெட்டுக்குக் கீழே ஒரு மூலையில், தான் உண்டு தன் ஆசிட் உண்டு என்று வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கிறது. ஆயினும் இந்தச் சாதுவை அணுகும் மனிதர்களிடம் இரண்டு வகையான மனோபாவத்தையே நான் கண்டிருக்கிறேன். தொட்ட மாத்திரத்தில் பஸ்பமாகிவிடுவோம் என்று எண்ணி எட்டி நிற்பவர்கள் ஒரு சாரார். இது நம்மை என்ன செய்துவிடப் போகிறது என்று வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்பவர்கள் மற்றொரு சாரார். இரு சாராரும் பிசகு என்பதைத் தக்க திருஷ்டாந்தங்களோடு நிரூபிக்கும் சந்தர்ப்பம், சென்ற விஜயதசமியன்று காலையில், மேற்கு மாம்பலத்தில் என் வீட்டு வாசலிலேயே எனக்கு வாய்த்தது.

எங்கள் பழைய மாருதியின் பேட்டரிக்கு மூன்று வயது முடிந்து நாலாவது நடந்துகொண்டிருந்தது. நம் ஊர் வெயிலில் அதற்குமேல் ஆயுசு கேட்பது பேராசை. குளிர் தேசத்தார் தங்கள் பேட்டரி பனியிலே படுத்துவிட்டதாகப் புலம்புவது வழக்கமாயினும், பேட்டரியின் ஆயுளை உள்ளுக்குள்ளே இருந்து அரிப்பது உஷ்ணமே. குளிர் அந்தப் பலவீனத்தை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாவியைத் திருப்பினேன். 'டக் டக்' என்ற ஓசைக்கு மேல் ஒன்றும் நிகழவில்லை. தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன், முப்பது வயதுக்குள் இருக்கும் அந்த இளைஞன், மீட்டருடன் வந்து பரிசோதித்தான். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எங்களுடையது பன்னிரண்டை ஒட்டி நின்றது. சாவியைத் திருப்பச் சொல்லிப் பார்த்தான்; ஒன்பதுக்கும் கீழே சரிந்தது. பிறகு தன்னிடமிருந்த வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து எஞ்சினைக் கிளப்பி, ஆல்டர்னேட்டர் பதினான்கு வோல்ட் தருகிறதா என்றும் பார்த்துக்கொண்டான். இந்தக் கடைசிப் பரிசோதனை முக்கியமானது. ஆல்டர்னேட்டர் செய்த குற்றத்துக்குப் பேட்டரியைத் தண்டித்துவிட்டு, புதுப் பேட்டரியும் ஒரு வாரத்தில் படுத்ததும் கடைக்காரரைத் திட்டுகிற குடும்பஸ்தர்கள் அநேகர்.

"பேட்டரி செத்துப்போச்சு சார், மாத்திடுங்க" என்றான்.

"நீயே வந்து மாட்டிக் கொடுத்துவிடேன்."

"நாளைக்கு ஆயுத பூஜை. ஸ்பானர் எல்லாம் சாமிகிட்ட போயிடும். பண்டிகை கழிச்சு வர்றேன் சார்."

நியாயந்தானே? சந்தனமும் குங்குமமும் பூண்டு சரஸ்வதியின் சந்நிதியில் இளைப்பாறும் ஸ்பானரை எவன் எழுப்புவான்? ஆனால் விஜயதசமியன்று எடுத்த வித்தை விருத்தியாகும் என்பது சாஸ்திரம். குழந்தைகள் அன்று நெல்லில் 'அ' எழுதுகிறார்கள். நான் பேட்டரி மாற்றுவதில் வித்யாரம்பம் செய்துகொள்வது என்று சங்கற்பம் செய்துகொண்டேன்.

அன்று மாலையே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் புறப்பட்டபோது, என் மனைவி ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். பழைய பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த எண், அதன் நீள அகலம், முனைகள் நம் பக்கம் இருக்கும்படி வைத்துப் பார்த்தால் பிளஸ் எந்தக் கைப்பக்கம் வருகிறது என்ற விவரம், மூன்றும் அதில் இருந்தன. இந்த மூன்றாவது விவரத்தின் மகிமையை நான் கடையில்தான் உணர்ந்தேன். ஒரே அளவு, ஒரே சக்தி, ஒரே விலை கொண்ட பேட்டரி, பிளஸ் வலப்பக்கம் உள்ளதாக ஒன்றும் இடப்பக்கம் உள்ளதாக ஒன்றும் இரட்டையராகப் பிறக்கிறது. தப்பான இரட்டையை வீட்டுக்கு அழைத்து வந்தால் வண்டியின் ஒயர் எட்டாது; எட்டாத ஒயரை இழுத்துக் கட்டும் வீரர்களுக்கு நம் நாட்டில் பஞ்சமும் கிடையாது.

விஜயதசமியும் வந்தது. பானெட்டைத் திறந்து, குச்சியால் முட்டுக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன், சபை கூடியிருந்தது. பானெட் திறந்த வண்டிக்கு மனிதர்களை ஆகர்ஷிக்கும் ஒரு சக்தி உண்டு. கதவு திறந்த வண்டியைத் திரும்பிப் பார்க்காதவரும், பானெட் திறந்த வண்டியை அபிப்பிராயம் சொல்லாமல் கடந்து போக மாட்டார்.

முதல்வர் என் மைத்துனர். மின்சார இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பண்டிகைக்காகக் குடும்பத்தோடு வந்திருந்தார். புது வேஷ்டி, வலது கை மோதிர விரலில் நவரத்தின மோதிரம், முகத்தில் ஓர் ஏளனப் புன்னகை.

"பன்னிரண்டு வோல்ட்டுக்கா அத்தான் இத்தனை ஏற்பாடு? பதினோராயிரம் வோல்ட் லைனுக்கு அடியிலேயே முப்பது வருஷம் குப்பை கொட்டினவன் நான்."

இரண்டாமவர் அடுத்த வீட்டு நண்பர். மின்சாரம் என்ற சொல்லைக் கேட்டாலே இரண்டு அடி பின்வாங்கும் சுபாவம் உள்ளவர்; ரப்பர் செருப்பு அணிந்து, அதுவும் போதாதென்று எங்கள் சமையலறையிலிருந்து ஒரு மணைப் பலகையைக் கேட்டு வாங்கி, அதன்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். மூன்றாமவர் எதிர் வீட்டுப் பெரியவர். ஹாண்டிலைச் செருகிச் சுழற்றி வண்டியைக் கிளப்பிய தலைமுறை. அந்த ஹாண்டில் சில சமயம் எதிர்த்திசையில் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். அந்த உபாதையிலிருந்து மனித குலத்தை விடுவித்தது, 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் வண்டியில் சார்லஸ் கெட்டரிங் பொருத்திக் காட்டிய மின்சார ஸ்டார்ட்டர். பேட்டரியோ அதைவிட மூத்தது. 1859-இல் காஸ்டன் பிளாந்தே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி உண்டாக்கிய அதே பிரகிருதிதான், பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு இன்றும் நம் பானெட்டுக்குள் வீற்றிருக்கிறது.

முதல் பிரச்னை மோதிரம்.

மின்சார விஷயத்தில் மைத்துனருடைய ஞானத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பன்னிரண்டு வோல்ட் மனிதனைக் கொல்லாது என்று அவர் சொன்னது வாஸ்தவம். உலர்ந்த கையால் இரண்டு முனைகளையும் ஏககாலத்தில் தொட்டாலும் ஷாக் அடிப்பதில்லை. பலகையின்மேல் நின்ற நண்பருடைய பயம் அந்த அளவுக்கு வீணானதுதான். ஆனால் பேட்டரியின் உக்கிரம் வோல்ட்டில் இல்லை, ஆம்பியரில் இருக்கிறது. நம் வீட்டு மின்விசிறி ஓடுவதற்கு ஓர் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு போதும். சிறிய காரின் பேட்டரியோ, இரும்புத் துண்டு ஒன்று குறுக்கே விழுந்து வழி காட்டினால், கண் இமைக்கும் நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டித் தீர்த்துவிடும். மனிதத் தோல் அவ்வளவையும் உள்ளே விடாது. தங்கம் தாராளமாக விடும். பிளஸ் முனையில் இருக்கும் ஸ்பானருக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே மோதிரம் அகப்பட்டுக்கொண்டால், அது விரலிலேயே பழுக்கக் காய்ந்துவிடும். உலோகச் சங்கிலிக் கைக்கடிகாரத்துக்கும் இதே கதிதான். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பது இதுதான்.

"மோதிரத்தைக் கழற்றினால்தான் கை வைக்கலாம்" என்றேன்.

"ஜோசியர் கழற்றவே கூடாது என்று சொல்லியிருக்கிறாரே."

"தம்பி, ஜோசியர் ஸ்பானர் பிடிக்கச் சொன்னாரா?" என்று உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

அவர் கழற்றச் சம்மதித்தார், மோதிரம் சம்மதிக்கவில்லை. சோப்பு நுரை, நல்லெண்ணெய், விரலை மேலே தூக்கிப் பிடித்தல் முதலான சகல உபாயங்களையும் அந்தக் கணு முறியடித்தது. முடிவில், ஸ்பானரைத் தொடுவதில்லை என்ற நிபந்தனையின் பேரிலும், விரலுக்குத் துணி சுற்றிய கோலத்திலும், பதினோராயிரம் வோல்ட்டின் கீழ் வாழ்ந்தவருக்குச் சுமை தூக்கும் உத்தியோகம் அளிக்கப்பட்டது.

அடுத்தது முறை. எஞ்சினை அணைத்து, விளக்கு, ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பத்து-பதினொன்று ஸ்பானரை எடுத்து மைனஸ் முனையில் வைத்தேன்.

"நில்லு தம்பி! பிளஸ்ஸைத்தான் முதலில் கழற்றணும். என் மாரிஸ் மைனரிலே அப்படித்தான் செய்வேன்" என்று அதட்டினார் பெரியவர்.

இதைக் கேட்டு மைத்துனர் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. பெரியவர் சொன்னது அவருடைய வண்டிக்கு அட்சரலட்சம் பெறும். மோட்டார் வண்டியில் பேட்டரியின் ஒரு முனை வண்டியின் இரும்பு உடம்பிலேயே இணைக்கப்பட்டிருக்கும். அதாவது, வண்டி முழுவதுமே ஒரு ஒயர். 1960-கள் வரையில் பெரும்பாலான பிரிட்டிஷ் வண்டிகளில் அவ்விதம் உடம்போடு இணைந்திருந்தது பிளஸ். இன்றைய வண்டிகளில் மைனஸ். உடம்போடு இணைந்த முனை எதுவோ அதையே முதலில் கழற்ற வேண்டும் என்பதுதான் மூல சூத்திரம். அதை விட்டுவிட்டு மற்றதை முதலில் கழற்றப் போனால், ஸ்பானரின் வால் எங்கே தட்டினாலும், வண்டியே ஒரு ஒயராகையால், பொறி பறக்கும். உடம்பின் தொடர்பை முதலிலேயே அறுத்துவிட்டாலோ, பிறகு ஸ்பானர் எங்கே இடித்தாலும் மின்சாரத்துக்குத் திரும்பிப் போக வழி இல்லை. மாட்டும்போது இது தலைகீழ்: பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மைனஸ் ஒயர், கல்யாண வீட்டுக்கு எல்லோருக்கும் கடைசியில் வந்து எல்லோருக்கும் முன்னால் புறப்பட்டுவிடும் பெரிய மனிதரைப் போன்றது என்று பெரியவருக்கு விளக்கினேன். அத்தகைய பெரிய மனிதர் ஒருவர் தம் பேத்தி கல்யாணத்துக்கு வந்த கதையைச் சொல்லி அவர் முடிக்கும்வரையில் வேலை நின்றது.

ஆனால் எது மைனஸ்? சிவப்பு, கறுப்பு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் வண்டியில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்து இரண்டு ஒயரும் ஒரே கறுப்பாயிருந்தன. முனைகளிலோ வெள்ளையும் பச்சையும் கலந்த உப்பு, காலிபிளவர் அளவுக்குப் பூத்துக் கிடந்தது. என் மனைவி வந்து, ஒரு துணியால் பெட்டியின் மேற்புறத்தைத் துடைத்து, பிளாஸ்டிக்கில் அச்சாகியிருந்த பிளஸ் குறியைக் கண்டுபிடித்தாள். பிளஸ் முனை மைனஸைவிடச் சற்றுப் பருமனாயிருக்கும் என்ற லட்சணத்தையும் ஒத்திட்டுப் பார்த்தபின், பூஜை அறையிலிருந்து குங்குமம் கொண்டுவந்து பிளஸ் ஒயரின்மேல் பளிச்சென்று ஒரு பொட்டு வைத்தாள். ஸ்பானரில் முந்தின நாள் வைத்த பொட்டு. ஒயரில் இப்போது வைத்த பொட்டு. அதற்கப்புறம் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

மைனஸைக் கழற்றினேன். கழன்ற ஒயர் தன் விறைப்பினால் திரும்பவும் முனையை நோக்கியே வளைந்தது. அதைப் பழைய துணியில் சுற்றி ஓரமாகக் கட்டிவைத்தேன். இந்தக் கட்டத்தில் கற்பூர வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தால், பயந்த சுபாவமுள்ள நண்பர், காரியம் நிர்விக்கினமாக முடிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, பலகையை விட்டு இறங்கி, தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு பேட்டரிக்கே தீபாராதனை காட்ட வந்துகொண்டிருந்தார்!

அன்று முழுவதும் நான் கத்தியது அந்த ஒரு முறைதான். பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு உண்டாகிறது. காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு கலந்தாலே போதும், ஒரு பொறியில் அது வெடிக்கும், வெடித்தால் உள்ளேயிருக்கும் ஆசிட் நம் முகத்தைத்தான் தேடி வரும். பேட்டரியின் அருகே சிகரெட்டும் தீக்குச்சியும் ஆகாது என்பது இதனால்தான். வாயுவுக்குப் பக்தி, துர்ப்பழக்கம் என்ற பேதம் தெரியாது. ஷாக்குக்கு அஞ்சிப் பலகையில் ஏறியவர், அதைவிடப் பெரிய ஆபத்தைத் தாம்பாளத்தில் வைத்து ஏந்தி வந்ததை எண்ணி எனக்கு வியர்த்துவிட்டது.

"அண்ணா, சூடத்தை வாசல் கோலத்துக்கிட்டே காட்டுங்க. சாமிக்கு அங்கேயிருந்தே தெரியும்" என்று என் மனைவி சமாதானம் செய்து அனுப்பினாள்.

பிளஸ்ஸையும் கழற்றி, பேட்டரியை அமுக்கிப் பிடித்திருந்த கிளாம்பின் இரண்டு நட்டுகளையும் எடுத்தேன். மைத்துனருக்கு வேலை வந்தது. பேட்டரியின் கனம் பத்துக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் குழிக்குள் குனிந்து தூக்க வேண்டியிருப்பதால் இடுப்பு அதை இரட்டிப்பாகக் கணக்கிடுகிறது. இரண்டு கையாலும் அடியில் பிடித்து, சாய்க்காமல், உடம்பில் படாமல் தூக்கச் சொன்னேன். முன்னிரண்டையும் அனுஷ்டித்தார், மூன்றாவதை மறந்து, நெடுநாள் பிரிந்திருந்த சிநேகிதனை ஆலிங்கனம் செய்துகொள்வதுபோல் புது வேஷ்டியோடு சேர்த்து அணைத்துக்கொண்டு வந்தார்.

இறக்கி வைப்பதில் மற்றொரு சர்ச்சை. சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும், மணைமேல்தான் வைக்க வேண்டும் என்றார் பெரியவர். மணையோ மறுபடியும் நண்பரின் காலடியில். மரப் பெட்டிக்குள் பேட்டரி குடியிருந்த காலத்தில் பெரியவர் சொன்னதற்கு ஆதாரம் இருந்தது. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரையும் ஒன்றுதான், தங்க சிம்மாசனமும் ஒன்றுதான். செத்த பேட்டரியின் சார்ஜ் எங்கே போனால் என்ன என்று ஒருவருமே கேட்கவில்லை. இருவரும் பலகைக்காக வாதாடிக்கொண்டிருந்தபோது, அதன் சொந்தக்காரி வந்து, "எனக்கு வடை தட்டணும்" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒயர் முனைகளில் பூத்த உப்புக்கு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். புசுபுசுவென்று நுரைத்து அடங்கியது. பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் வைத்திருந்தேன். ஆசிட் பட்ட இடத்தைக் கணமும் தாமதிக்காமல், கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். அந்த வாளி அன்று உபயோகப்படவில்லை.

புதுப் பேட்டரி இறங்கிய கதையில் அதிக சுவாரஸ்யம் கிடையாது. கிளாம்பை இறுக்கினேன், அதிகமாக இறுக்கினால் பெட்டி விரிசல் விடும், தளர்ந்திருந்தால் வண்டி குலுங்கித் தகடுகள் உதிரும். பொட்டு வைத்த ஒயர் முதலில், மற்றது பிறகு. முனையில் ஒயர் சரியாக உட்கார "சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டு" என்று மூவரும் முதல் தடவையாக ஏகமனதாக அபிப்பிராயப்பட்டார்கள். அந்த ஏகமனதான தீர்மானத்தையும் நான் நிராகரித்தேன். தட்டினால் ஈய முனை உள்ளே தகடுகளோடு சேர்ந்து விட்டுப்போகும். நட்டை இன்னும் சற்றுத் தளர்த்தி, கையால் அழுத்தி, பிறகு இறுக்கி, அசைத்தால் அசையவில்லை என்று கண்டபின் மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினேன். சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே மூச்சில் கிளம்பியது. மூன்று ஆலோசகர்களும் தத்தம் ஆலோசனையே பலித்ததென்ற திருப்தியோடு வடை சாப்பிடப் போனார்கள்.

மைத்துனருடைய வேஷ்டி விஷயம் நாலு நாள் கழித்து, அவர் ஊர் திரும்பியபின், டெலிபோனில் வந்தது. ஆசிட் பட்ட பருத்தித் துணி அப்போதைக்கு ஒன்றும் காட்டிக்கொள்ளாது; துவைத்தபின்தான் கண் திறக்கும். வேஷ்டியில் மிளகு மிளகாக ஓட்டைகளாம். பன்னிரண்டு வோல்ட்டைப் பற்றி அன்று அவர் ஏளனமாக ஒன்றும் சொல்லவில்லை.

பழைய பேட்டரியை விஜயதசமிக்கு மறுநாளே கடையில் ஒப்படைத்திருந்தேன். கடைக்காரர் அதற்கு ஒரு தொகையைக் கழித்துக் கொடுத்தார். உள்ளே இருப்பது ஈயம். உருக்கித் திரும்ப உபயோகிக்கலாம், ஆனால் மண்ணிலும் தண்ணீரிலும் கலந்தால் விஷம், அதிலும் குழந்தைகளுக்குப் பரம விஷம். பழைய பேட்டரிகள் முறையாகத் திரும்பி வர வேண்டும் என்று நம் நாட்டில் 2001-லேயே சட்ட விதிகள் வந்து, 2022-இல் புதுப்பிக்கவும் பட்டிருக்கின்றன. ஆனாலும் எங்கள் தெருவில் மாடிப்படிக்குக் கீழே, கிழிந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு, பழைய பேட்டரி ஒன்றாவது இல்லாத வீடு அபூர்வம். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்குமானால், ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டாமல், பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடாமல், சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்து, இந்த வாரமே பேட்டரிக் கடையில் சேர்த்துவிடுங்கள். போகும்போது பழைய வேஷ்டியையே கட்டிக்கொண்டு போங்கள்.